கொதிக்கும் வண்டியும் கரிசல் நீரும்

– இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

"வண்டி கொதிக்குது!" சித்திரை, வைகாசி மாதங்களில் அருப்புக்கோட்டைச் சாலைகளில் அடிக்கடி காதில் விழும் சொல் இது. பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, கையில் குடத்துடன் பக்கத்து வீட்டை நோக்கி நடக்கும் ஓட்டுநரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் குடத்து நீர் வண்டியை அன்றைக்குக் காப்பாற்றுகிறது. ஆனால் நாளடைவில் அதே நீர்தான் வண்டியைக் கெடுக்கிறது. அது எப்படி என்பதையும், கெட்டுப்போன ரேடியேட்டரை வீட்டிலேயே மாற்றுவது எவ்வாறு என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் தந்தையார் இருபத்தைந்து ஆண்டுகளாக ரேடியேட்டர் பற்றவைக்கும் தொழில் செய்து வருகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விடுமுறை நாட்களில் அவருக்கு உதவியாகப் பட்டறையில் இருப்பேன். சென்ற கோடை விடுமுறையில் திருச்சுழியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு ரேடியேட்டர் மாற்றினோம். ஆசிரியரின் துணைவியாருக்குக் கண் சிகிச்சைக்காக மாதந்தோறும் மதுரை போக வேண்டும். வண்டியோ காரியாபட்டி தாண்டுவதற்குள் கொதித்து நின்றுவிடும். கொதிக்கும் வண்டியை அருப்புக்கோட்டை வரை ஓட்டி வரக்கூடாது என்று அப்பா சொன்னதால், கருவிகளை எடுத்துக்கொண்டு நாங்களே அவர் வீட்டுக்குச் சென்றோம். அந்த அனுபவமும் வகுப்பறையில் கற்றதும் சேர்ந்ததே இக்கட்டுரை.

பந்தயக் காரின் உடன்பிறப்பு

ஹெரால்டு இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்து டிரையம்ஃப் நிறுவனத்தின் படைப்பு. அங்கே 1959-ஆம் ஆண்டு வெளிவந்தது. நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டு முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் சென்னைக்கு அருகே வண்டலூரில் இதைத் தயாரித்தது. இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தை நீளத்தில் குறைத்து, அதன் மேல் இருவர் மட்டும் அமரும் உடலை ஏற்றி, 1962-ஆம் ஆண்டு டிரையம்ஃப் வெளியிட்டதுதான் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கலாட்டி. ஆகவே ஸ்பிட்ஃபயரைக் கண்ணால் காணாத நாமும், ஹெரால்டைப் பழுது பார்க்கத் தெரிந்தால், அந்த ஸ்போர்ட்ஸ் காரின் ரேடியேட்டர் வேலையையும் பெரும்பாலும் அறிந்தவர்களே.

ரேடியேட்டரின் வரலாறே வேகமான கார்களோடு பிணைந்தது. முற்காலக் கார்களில் நீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். வழியெல்லாம் நீர் ஊற்றியாக வேண்டும். ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக், 8,070 சிறு குழல்களைத் தேனடை போல் அடுக்கி ஒரு ரேடியேட்டர் செய்தார். அதைப் பொருத்திய 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் கார் 1901-ஆம் ஆண்டு பிரான்சின் நீஸ் நகரப் போட்டிகளில் வென்று உலகை வியக்க வைத்தது. குறைந்த நீரைக் கொண்டு மிகுந்த வெப்பத்தை வெளியேற்ற முடியும் என்பதை அந்த வண்டி நிறுவியது.

வெப்பம் எங்கே போகிறது?

பெட்ரோல் எரிவதால் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலைக்குப் பயன்படுகிறது. ஏறத்தாழ இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. மீதி எஞ்சினின் உலோகத்தில் ஏறுகிறது. அதை வெளியேற்றாவிட்டால் பிஸ்டன் இறுகிவிடும், சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். ஆகவே எஞ்சினைச் சுற்றி நீர் ஓடுகிறது. சூடேறிய நீர் ரேடியேட்டரின் மேல் தொட்டிக்கு வந்து, மெல்லிய பித்தளைக் குழல்கள் வழியே இறங்கி, கீழ்த் தொட்டியை அடைந்து, பம்ப் மூலம் மீண்டும் எஞ்சினுக்குள் செல்கிறது. குழல்களுக்கிடையே உள்ள செம்புத் தகட்டு மடிப்புகள் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கின்றன.

இத்தனை மடிப்புகள் எதற்கு என்று கேட்கலாம். ஒரு கன மீட்டர் நீர் ஒரு டிகிரி குளிரும்போது விடும் வெப்பம், ஏறத்தாழ 3,500 கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்கப் போதுமானது. அவ்வளவு காற்றுக்கு வெப்பத்தைக் கைமாற்றிவிட வேண்டுமானால் பரப்பளவு மிகுதியாக வேண்டும் அல்லவா? அதற்காகவே மடிப்புகள்.

நியூட்டனின் குளிர்தல் விதியை நாம் முதலாண்டில் படித்தோம். ஒரு பொருள் வெப்பத்தை இழக்கும் வேகம், அதற்கும் சூழலுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. ரேடியேட்டர் நீர் 90 டிகிரி செல்சியஸ் என்று கொள்வோம். கவன்ட்ரியில் காற்று 15 டிகிரி என்றால் வேறுபாடு 75. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் காற்று 40 டிகிரி என்றால் வேறுபாடு 50 மட்டுமே. அதாவது, அங்கே செய்த வேலையில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் அதே ரேடியேட்டர் இங்கே செய்ய முடியும். குழல்கள் எல்லாம் திறந்திருக்கும்போதே நிலைமை இது. அவற்றில் பாதி அடைபட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடைப்பு எங்கிருந்து வருகிறது?

நம் வீடுகளில் வெந்நீர்ப் பானையின் உட்புறம் வெள்ளைப் பூச்சு படிவதைக் கண்டிருப்பீர்கள். ரேடியேட்டரைக் கொல்வதும் அதுவே. நம் பகுதியில் சுண்ணாம்புக்கல் மிகுதி; பந்தல்குடிப் பக்கம் அதைச் சிமெண்டுக்காகவே வெட்டியெடுக்கிறார்கள். சுண்ணாம்பு மண்ணில் ஊறிவரும் நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். சூடாக்கினால் அது பிரிந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வேதியியலில் இதைத் தற்காலிகக் கடினத்தன்மை என்று படிக்கிறோம். பெயரில்தான் தற்காலிகம், ரேடியேட்டருக்குள் போய்விட்டால் அது நிரந்தரமே.

செம்பின் வெப்பங்கடத்து எண் ஏறத்தாழ 400. பித்தளைக்கு நூற்றுக்குச் சற்று மேல். சுண்ணாம்புப் படிவத்துக்கு 2 அளவில்தான் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் படிவம் 20 சென்டிமீட்டர் கனமுள்ள செம்புச் சுவருக்குச் சமமான தடை! அதோடு, குழலின் உள்ளகலமே சில மில்லிமீட்டர்தான். படிவம் வளர வளர நீர் ஓடவே வழியில்லாமல் போகிறது.

ஆசிரியர் வீட்டுக் கிணற்று நீரையும் மழைநீரையும் கல்லூரி ஆய்வகத்தில் இ.டி.டி.ஏ. கொண்டு தரம்பார்த்தேன். மழைநீருக்குச் சில துளிகளிலேயே நிறம் மாறியது. கிணற்று நீருக்கோ பியூரெட்டை இரண்டாம் முறை நிரப்ப வேண்டி வந்தது. குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீர் இல்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். குடிக்கப் பொறுக்கும் நீரை எஞ்சின் பொறுக்காது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலில் நோயறிதல்

வண்டி கொதித்தால் உடனே ரேடியேட்டர்மேல் பழி போடலாகாது. பெல்ட் தளர்ந்திருக்கலாம், மூடியின் ரப்பர் தேய்ந்திருக்கலாம், தெர்மாஸ்டாட் திறக்காமல் இருக்கலாம், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். எஞ்சின் எண்ணெய் பாலைப் போல் வெளுத்திருந்தால் அது கேஸ்கெட் நோய். ரேடியேட்டர் மாற்றிப் பயனில்லை.

அடைப்பைக் கண்டறிய அப்பா கையாளும் முறை எளிது. எஞ்சினைச் சூடேற்றி நிறுத்திவிட்டு, விசிறி அசையாமல் நின்றபின், ரேடியேட்டர் முகப்பைப் புறங்கையால் ஆங்காங்கே மெல்லத் தொட்டுப் பார்ப்பார். நீர் ஓடும் இடம் சூடாக இருக்கும். அடைபட்ட இடம் குளிர்ந்திருக்கும். ஹெரால்டின் ரேடியேட்டரில் கீழ்ப்பாதியின் ஒரு பக்கம் முழுவதும் குளிர்ந்திருந்தது. "இது போயிருச்சுய்யா" என்றார் என்னிடம். வெப்பப் பரவல் படத்தை அவர் விரலால் வரைந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது.

ஓர் எச்சரிக்கை. சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது. மூடி வெறும் மூடியன்று. உள்ளே ஓர் அழுத்த வால்வு இருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு மூடியானால் உள்ளே நீர் 100 டிகிரியில் கொதிக்காது. 111 டிகிரி அளவில்தான் கொதிக்கும். திறந்தவுடன் அழுத்தம் விடுபட, அந்த நீர் அந்தக் கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். சாலையோரத்தில் இப்படி வெந்துபோன முகங்களை அப்பா பார்த்திருக்கிறார். இச்சிறு மூடியை எளிதாக எண்ண வேண்டாம். சென்னையைச் சேர்ந்த சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் நிறுவனம் 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே இம்மூடிகளைச் செய்து அனுப்பிப் பெயர் பெற்றது.

கழற்றும் முறை

எஞ்சின் முழுதும் குளிர்ந்தபின், விடியற்காலையில் வேலையைத் தொடங்குவது நல்லது. முதலில் பேட்டரியின் ஓர் இணைப்பைக் கழற்ற வேண்டும். பிறகு ரேடியேட்டரின் அடியிலுள்ள குழாயையும், எஞ்சின் பக்கவாட்டிலுள்ள குழாயையும் திறந்து நீரை அகன்ற பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். ஏறத்தாழ 5 லிட்டர் வரும். அதில் கூலண்ட் கலந்திருந்தால் தரையில் விடவே கூடாது. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். ஆனால் கொடிய நஞ்சு. நம் வறண்ட காட்டில் எங்கே ஈரம் கண்டாலும் ஆடும் நாயும் வந்து நக்கும். பிடித்த நீரை மூடியுள்ள கேனில் அடைத்து வைத்தபின்தான் அப்பா அடுத்த வேலைக்குப் போனார்.

ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் ஒரு வசதி உண்டு. பானெட் மட்டுமல்ல, முன்பக்க மட்கார்டுகளும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். நாற்புறமும் நின்று வேலை செய்யலாம். வீட்டு முற்றத்தில் செய்வதற்கு இதைவிட ஏற்ற வண்டி கிடையாது.

மேல் ஓஸ், கீழ் ஓஸ் இரண்டின் கிளிப்புகளையும் தளர்த்த வேண்டும். பழைய ரப்பர் உலோகத்தோடு ஒட்டியிருக்கும். முறுக்கி இழுத்தால் பித்தளைக் கழுத்து வளைந்துவிடும். கத்தியால் நீளவாக்கில் கீறி உரிப்பதே முறை. ஓஸ் புதிதாக வாங்கலாம், கழுத்து போனால் வேலை இரட்டிப்பு. அடுத்து, இருபுறமுள்ள போல்ட்டுகள். துருப்பிடித்தவற்றுக்கு முதல் நாள் இரவே மண்ணெண்ணெய் விட்டு வைத்திருந்தோம். பிறகு இருவர் பிடித்து, விசிறி இறக்கையில் படாமல் நேராக மேலே தூக்க வேண்டும். கழற்றிய போல்ட், வாஷர் எல்லாவற்றையும் ஆசிரியரின் துணைவியார் கொடுத்த முறத்தில் வரிசையாக வைத்தேன்.

ரேடியேட்டர் வெளியே இருக்கும்போதே எஞ்சினுக்குள்ளும் நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். நீர் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிர்த்திசையில் பாய்ச்சினால் படிந்த கசடு விடுபடும். இதைச் செய்யாமல் புதியதைப் பூட்டினால், பழைய கசடு புதிய குழல்களை அடைக்கும்.

பட்டறையில்

ஹெரால்டுக்குப் புது ரேடியேட்டர் நம் பக்கத்துக் கடைகளில் கிடைப்பதில்லை. ஆகவே மேல் தொட்டியையும் கீழ்த் தொட்டியையும் வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள கோர் மட்டும் புதிதாகப் போட வேண்டும். மதுரையில் அளவு கொடுத்துக் கோர் வாங்கி வந்தோம். பழைய பற்றை உருக்கித் தொட்டிகளைப் பிரித்து, சுத்தம் செய்து, புதுக் கோரில் ஈயம் பற்றவைத்தார் அப்பா.

இங்கே ஓர் இயற்பியல் விந்தை உண்டு. காரீயம் 327 டிகிரியிலும், வெள்ளீயம் 232 டிகிரியிலும் உருகும். இரண்டையும் தக்க விகிதத்தில் கலந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். பித்தளை உருகுவதற்கு 900 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால்தான் மெல்லிய பித்தளை சேதமாகாமல் பற்று மட்டும் உருகி ஓடுகிறது. பற்று பளபளப்பாக ஓடுவதைக் கண்டு சூட்டை அறிந்துகொள்கிறார் அப்பா. வெப்பமானி அவரிடம் கிடையாது.

அடைப்பை நீக்க ஆசிட் ஊற்றினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். மென்மையான அமிலம் இளம் படிவத்தைக் கரைக்கும். ஆனால் கடையில் வாங்கும் கடும் ஆசிட் பற்றையும் மெல்லிய குழலையும் சேர்த்தே தின்னும். அடைப்பு போய் ஓட்டை வரும்.

பற்றவைத்தபின் வாய்களை அடைத்து, நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, சைக்கிள் பம்பால் காற்றடிக்க வேண்டும். குமிழ் வரும் இடமே ஓட்டை. எங்களுக்கு ஒரே இடத்தில் குமிழ் வந்தது. துடைத்து மீண்டும் பற்று வைத்தபின் தொட்டி நீர் அமைதியாக இருந்தது.

பூட்டும் முறை

பூட்டுமுன் தெர்மாஸ்டாட்டைச் சோதிக்க வேண்டும். சட்டியில் நீர் வைத்து, அதில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்கினால், 82 என்று பொறித்த தெர்மாஸ்டாட் அந்த வெப்பநிலையை ஒட்டித் திறக்கத் தொடங்கும். நம் ஊரில் பலர் "வெயில் ஊருக்கு இது எதுக்கு?" என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது சரியன்று. எஞ்சின் விரைவாக உரிய சூட்டை அடைவதற்காகவே தெர்மாஸ்டாட் இருக்கிறது. அது இல்லாவிட்டால் எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் வீணாகும், சிலிண்டர் தேயும்.

ரேடியேட்டரை நேராக இறக்கி, எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் பிடிக்கவிட்டு, அதன்பின்தான் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். பக்கங்களில் காற்றைத் திருப்பும் அட்டைகள் இருந்தால் மறவாமல் பொருத்த வேண்டும். இல்லையேல் காற்று ரேடியேட்டருக்குள் புகாமல் பக்கவாட்டில் ஓடிவிடும். ஓஸ்கள் புதியனவாக இருக்கட்டும். பிறகு மெதுவாக நீர் ஊற்றி, மூடியைப் போடாமல் எஞ்சினை ஓடவிட வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் தொடங்குவதால் இதில் ஆபத்தில்லை. ஆனால் முகத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். தெர்மாஸ்டாட் திறந்ததும் உள்ளே சிக்கிய காற்று குமிழிட்டு வெளியேறி மட்டம் இறங்கும். குறைந்ததை நிரப்பி மூடியைப் போட வேண்டும். மறுநாள் காலை, குளிர்ந்தபின், மீண்டும் மட்டம் பார்க்க வேண்டும்.

எந்த நீரை ஊற்றுவது?

வேலை முடிந்ததும் ஆசிரியர் கேட்டார்: "புதுசு போட்டாச்சே, இனிமே நம்ம கிணத்துத் தண்ணியவே ஊத்தலாமா தம்பி?"

"வேண்டாங்க சார். அந்தத் தண்ணிதான் இதைக் கொன்னது. மறுபடி அதையே ஊத்துனா மறுபடி நான்தான் வரணும்" என்றார் அப்பா.

ரேடியேட்டர் மாற்றுவது பாதி வேலைதான். எதை ஊற்றுகிறோம் என்பதே மறுபாதி. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் கூலண்ட் கலந்து ஊற்றுவது சிறந்தது. இங்கே நீர் உறையாதே, கூலண்ட் எதற்கு என்று எண்ண வேண்டாம். அது கொதிநிலையை உயர்த்துகிறது. அதில் உள்ள மருந்து உலோகத்தைத் துருவிலிருந்து காக்கிறது. ஆனால் மிகுதியாகக் கலந்தாலும் தீமை. கிளைக்காலின் வெப்ப ஏற்புத்திறன் நீரைவிடக் குறைவு. ஆகவே டப்பாவில் குறித்த அளவே போதும். பித்தளையும் ஈயப்பற்றும் உள்ள பழைய ரேடியேட்டருக்கு ஏற்றதுதானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

வாங்க இயலாத அவசரத்தில் மழைநீர் கைகொடுக்கும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு மழைநீர் சேகரிப்பு எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. முதல் மழையில் கூரை கழுவப்பட்டபின் வரும் நீரைத் துணியில் வடிகட்டி, இரண்டு கேன்களில் பிடித்து வைத்தால் ஒரு கோடைக்குப் போதும். ஆசிரியர் வீட்டில் இப்போது அப்படியே செய்கிறார்கள். அதன்பின் அவர்கள் மூன்று முறை மதுரை போய் வந்துவிட்டார்கள். வண்டி வழியில் நிற்கவில்லை.

தொழில் அறிவும் நூல் அறிவும்

இன்றைய கார்களில் அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்ட ரேடியேட்டர்கள் வந்துவிட்டன. அவை எடை குறைந்தவை, நன்றாகவே குளிர்விக்கின்றன. ஆனால் அவற்றில் ஈயப்பற்று நிற்காது. கெட்டால் எறிந்துவிட்டு வேறு வாங்க வேண்டியதுதான். அதனால் அப்பாவின் பட்டறைக்கு வருவன இன்று பழைய டிராக்டர்களும் ஜெனரேட்டர்களும் எப்போதாவது ஒரு ஹெரால்டும்தான். தனக்குப்பின் இத்தொழில் இல்லை என்பதை அவர் அறிவார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் படித்ததில் ஒன்றை அவருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். காரீயம் உடலில் சிறுகச் சிறுகச் சேரும் நஞ்சு. பற்றவைத்த கையோடு சோற்றைத் தொடுவது அவர் பழக்கமாக இருந்தது. காரீயம் நரம்பையும் இரத்தத்தையும் என்ன செய்யும் என்பதைப் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு விளக்கினேன். இப்போது பட்டறை வாசலில் சோப்பும் வாளியும் இருக்கின்றன. பற்றவைக்கும்போது கதவு இரண்டும் திறந்திருக்கின்றன.

நம் கல்லூரியில் என்னைப் போல் முதல் தலைமுறையாகப் படிப்பவர் பலர். தறி நெய்பவர், கிணறு தோண்டுபவர், மல்லிகை பறிப்பவர் ஆகியோரின் பிள்ளைகள் நாம். நியூட்டனின் விதியும், உலோகக் கலவையின் உருகுநிலையும், நீரின் கடினத்தன்மையும் எனக்குப் புத்தகத்தில் அறிமுகமாகும் முன்பே எங்கள் பட்டறையில் இருந்தன. பெயர்தான் தெரியாமல் இருந்தது. உங்கள் வீட்டுத் தொழிலிலும் இப்படிப் பெயரிடப்படாத அறிவியல் இருக்கும். அதைக் கேட்டு அறிந்து அடுத்த ஆண்டு மலரில் எழுதுங்கள். அதுவரை, வண்டி வைத்திருப்போர் இந்த வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு கேன்களைக் கழுவித் தயாராக வையுங்கள்.